சாவி கொடுத்தால் ஓடும்: பழைய வாட்ச் கேள்வி–பதில்

போன இதழில் பழைய கைக்கடிகாரம் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் வீட்டுக்கு வீடு நின்றுபோன வாட்ச் ஒன்று இருக்கும்போல. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். பேட்டரி வாட்ச் பற்றிக் கேட்டிருந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவாகப் பழக்கம் கிடையாது.

கே: தாத்தாவின் வாட்ச் முப்பது வருடமாக பீரோவில் கிடந்தது. சும்மா சாவி கொடுத்துப் பார்த்தேன், ஓடுகிறது! தினமும் கட்டிக்கொள்ளலாமா, ஞாபகார்த்தமாகப் பூட்டி வைப்பதே நல்லதா?

ப: கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கே வேண்டாம்.

ஓடுகிறதே என்று நம்பித்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே விட்ட எண்ணெய் முப்பது வருடத்தில் காய்ந்து பிசினாகியிருக்கும், இல்லையென்றால் இருக்க வேண்டிய இடத்தை விட்டு எங்கோ பரவிப் போயிருக்கும். அந்த நிலைமையிலும் சாவி கொடுக்கும்போது சுருளும் மெயின் ஸ்பிரிங் தள்ளுகிற தள்ளலில் சக்கரங்கள் சுற்றத்தான் செய்யும், ஆனால் வறட்டு உரசலோடு சுற்றும். அந்தக் காலத்துச் சாதாரண வாட்ச் விநாடிக்கு ஐந்து டிக் அடிக்கும். மணிக்கு 18,000, ஒரு நாளைக்கு 4,32,000. இத்தனை அடியையும் தாங்குவது பேலன்ஸ் வீல், முன்னும் பின்னும் ஆடி நேரத்தைப் பிரிக்கும் சக்கரம். அதன் அச்சின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஒரு தலைமுடி தடிமன்தான். எண்ணெய் இல்லாமல் ஒரு மாதம் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்ததில் தேயாதது இந்த ஒரு மாதத்தில் தேய்ந்துவிடலாம்.

முதல் வேலை சர்வீஸ். ரிப்பேர்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "முழுசாப் பிரிச்சுத்தானே கழுவுவீங்க?" ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, கழுவி, பார்த்து, திரும்பப் பூட்டி, இடத்துக்குத் தக்க எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வைப்பதற்குப் பெயர்தான் சர்வீஸ். மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து நாலு சொட்டு எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. அது அன்றைக்கு நன்றாக ஓடும், அப்புறம் தூசியையெல்லாம் சேர்த்துக்கொண்டு பழைய கதைதான்.

அப்புறம், பின்மூடியைத் திறக்கும்போது முடிந்தால் பக்கத்தில் நின்று, மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசியால் கீறிய பொடி எழுத்துகள் இருக்கலாம், ஒரு எண்ணோ, மாதமும் வருடமுமோ, ஒரு கிறுக்கலோ. பழைய ரிப்பேர்காரர்கள் ஒவ்வொரு முறை வாட்ச் வரும்போதும் தங்கள் அடையாளத்தைக் கீறி வைப்பார்கள், நாளைக்குத் தகராறு வந்தால் பார்த்துக்கொள்வதற்காக. என் பெரியப்பா வாட்ச்சில் அப்படி நான்கு கீறல், நான்கும் வேறு வேறு கையெழுத்து, கடைசியில் இருந்தது மட்டும் ரொம்ப அவசரமான எழுத்து. அதை நான் டயலைவிட அதிக நேரம் பார்த்திருக்கிறேன்.

ரிப்பேர்காரரிடம் வாட்ச்சைக் கொடுக்கும்போதே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: கேஸுக்கு, அதாவது வெளிக்கூட்டுக்கு, பாலிஷ் போட வேண்டாம், டயலுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம். சொல்லாவிட்டால் உங்களைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து இரண்டையும் செய்து கொடுத்துவிடுவார்கள். மாற்றிய பாகம் ஏதாவது இருந்தால் பழையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: என் வாட்ச் ஒரு நாளைக்கு 20 விநாடி முன்னால் போகிறது. கையில் இருக்கும் போன் இதைவிடச் சரியாக நேரம் காட்டும்போது இந்த அவஸ்தை எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

ப: ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அதில் 20 விநாடி பிசகுகிறது என்றால் 99.97 சதவீதத்துக்கு மேல் சரி. பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை, வெறும் சுருள் கம்பியும் பல்சக்கரமும் வைத்து இவ்வளவு. நம்மில் யார் எந்த வேலையில் அவ்வளவு சரி? இதைச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கேள்வி அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

சுவிட்சர்லாந்தில் துல்லியமான வாட்ச்சுக்குக் குரோனோமீட்டர் என்று சான்றிதழ் கொடுக்கிற காஸ்க் அமைப்பு அனுமதிக்கும் அளவே சராசரியாக ஒரு நாளைக்கு 4 விநாடி பின்னாலிருந்து 6 விநாடி முன்னால் வரை. அது புது மெஷினுக்கு. ஐம்பது அறுபது வயதான சாதாரண வாட்ச்சுக்கு 20 விநாடி என்பது குறையே இல்லை. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சில் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, இங்கே ஐந்தோ ஆறோ அடி. போட்டிக்குப் போகவே கூடாது.

ஒன்று செய்து பார்க்கலாம். இரவில் கழற்றி வைக்கிறீர்கள் அல்லவா, எப்படி வைக்கிறீர்கள்? டயல் மேலே பார்க்க மல்லாத்தி வைத்தால் ஒரு வேகம், சாவி கீழே இருக்க நிறுத்தி வைத்தால் ஒரு வேகம், சாவி மேலே இருந்தால் இன்னொன்று. ஈர்ப்பு விசை பேலன்ஸ் வீலையும் அதை ஆட்டுவிக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கையும் ஒவ்வொரு நிலையில் ஒவ்வொரு மாதிரி பாதிக்கிறது. ஒரு வாரம் ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு மாதிரி வைத்துக் காலையில் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் சேர்ந்த விநாடிகளை இரவில் எந்த நிலை தின்றுவிடுகிறது என்று பிடிபட்டுவிடும். என் வாட்ச் ஒன்றை இப்படியே நாளுக்கு மூன்று விநாடிக்குள் கொண்டுவந்தேன், யாரையும் திறக்கச் சொல்லாமல்.

இன்னொரு விஷயமும் வீட்டில் சொல்லலாம். 1969 ஜூலையில் நிலவில் நடந்தபோது ஆல்ட்ரின் கட்டியிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கையால் சாவி கொடுக்கும் வாட்ச்தான். ஆர்ம்ஸ்ட்ராங் தன்னுடையதைக் கலத்திலேயே விட்டுவிட்டு இறங்கினார், உள்ளே இருந்த டைமர் வேலை செய்யாததால் அதற்குப் பதிலாக. அதே வருடம் டிசம்பர் 25ஆம் தேதி செய்கோ தன் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான ஆஸ்ட்ரானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து வருடத்தில் சுவிஸ் வாட்ச் தொழிலில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேலை இழந்தார்கள். நிலவுக்குப் போய்வந்த வருடமே அஸ்திவாரம் ஆட ஆரம்பித்திருக்கிறது.

கே: சாவியை அதிகமாகத் திருகினால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று அப்பா பயமுறுத்துவார். உண்மையா?

ப: அப்பா சொன்னது பாதி சரி. ஸ்பிரிங் முழுதாகச் சுற்றி முடிந்ததும் சாவி தானாக நிற்கும். அதை விரல் உணரும். அங்கே நிறுத்தினால் ஒன்றும் ஆகாது, அதற்கு மேல் பலவந்தமாகத் திருகினால்தான் ஏதாவது உடையும். "ஓவராகச் சாவி கொடுத்துட்டேன், நின்னுபோச்சு" என்று கொண்டுவருகிற வாட்ச்சுகளில் பெரும்பாலானவை எண்ணெய் காய்ந்து நின்றவை. ஸ்பிரிங் நிறைய இருக்கும், சக்கரம் நகராது, பழி மட்டும் கடைசியாகச் சாவி கொடுத்தவர்மேல் விழும். கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கில் இந்தப் பயமே வேண்டாம், ஸ்பிரிங் நிறைந்ததும் அதன் வெளிமுனை வழுக்கிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள்.

தினமும் ஒரே நேரத்தில், காலையில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு சாவி கொடுங்கள். கட்டியபடியே கொடுத்தால் சாவியின் தண்டு பக்கவாட்டில் அழுந்தும். முழுச் சாவி சாதாரணமாக ஒன்றரை நாள் தாங்கும், அதற்காக அடுத்த நாள் மாலை வரை இழுக்காதீர்கள், ஸ்பிரிங் தளரத் தளர ஓட்டமும் தள்ளாடும்.

கே: 34 மில்லிமீட்டர் வாட்ச் கட்டினால் லேடீஸ் வாட்ச்சா என்று கேட்கிறார்கள்.

ப: "ஆமாம், ஜென்ட்ஸ் வாட்ச் சுவரில் மாட்டியிருக்கிறது" என்று சொல்லுங்கள். 1950களில் ஆண்கள் வாட்ச் 32லிருந்து 36 வரைதான். நான்கு நாள் கட்டுங்கள், கண் பழகிவிடும், அப்புறம் 44 மில்லிமீட்டர்தான் விசித்திரமாகத் தெரியும்.

கே: நேற்று வரை ஒழுங்காக ஓடிய வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. கதை முடிந்ததா?

ப: இல்லை, ரிப்பேரிலேயே சுலபமான ரிப்பேர் இது. பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தத்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி, நீளம் குறைந்தால் பேலன்ஸ் வீல் வேகமாக ஆடும். நான் ஒரு இரவு பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போய் வாட்ச்சை ஸ்பீக்கர்மேல் வைத்துவிட்டேன். காலையில் குளித்துக் கிளம்பி வெளியே போனால் எல்லோரும் தாமதமாக வருகிறார்கள் என்று எனக்குக் கோபம். பார்த்தால் நான்தான் ஏழு நிமிடம் முன்னால் நிற்கிறேன்.

சாதாரண முள் திசைகாட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, வாட்ச்சை அதன் அருகில் மெல்ல நகர்த்துங்கள், முள் துள்ளித் துள்ளி ஆடினால் சந்தேகமே வேண்டாம். காந்தம் எடுக்கும் சின்னக் கருவி எந்த ரிப்பேர்காரரிடமும் இருக்கும், சில விநாடி வேலை. லேப்டாப் மூடி, கைப்பையின் காந்தப் பொத்தான், மூடி போட்ட போன் உறை, இவற்றிலெல்லாம் காந்தம் இருக்கிறது. பழைய நீல எஃகு ஹேர் ஸ்பிரிங் என்றால் இன்னும் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். 1930களில் வந்த நிவாராக்ஸ் கலவை ஸ்பிரிங்குகள் பரவாயில்லை.

கே: இரவில் ஒளிர்வதற்காக முள்ளில் பூசிய மருந்து கதிர்வீச்சு உள்ளது என்கிறார்களே? பயமாக இருக்கிறது.

ப: பயப்பட வேண்டிய வாட்ச்சும் உண்டு, வேண்டாததும் உண்டு.

1960கள் வரை ஒளிரும் பூச்சில் ரேடியம் கலந்தார்கள். 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் டயலுக்கு எண் எழுதிய பெண்கள், தூரிகை முனை கூராக இருக்க வேண்டும் என்று அதை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள், அப்படிச் செய்யச் சொல்லியே பழக்கினார்கள். தாடை எலும்பு அழுகி, புற்றுநோய் வந்து பலர் இறந்தார்கள். நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். ஒரு ரேடியம் டயலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உதடுகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

உங்கள் வாட்ச் இருட்டில் ஒளிரவில்லை, அதனால் ரேடியம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். களைத்துப் போனது அதோடு கலந்திருந்த துத்தநாக சல்பைடுதான். கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கிறது. வெளிச்சம் வராமல் வேலை மட்டும் செய்துகொண்டிருக்கிறது. முள் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றிருந்தால் டயலில் அதன் நிழல் போலப் பழுப்பாக வெந்த தடம் விழுந்திருக்கும், அது ரேடியத்துக்கு நல்ல அடையாளம்.

கண்ணாடியும் பின்மூடியும் சரியாக இருக்கிற ஒரு வாட்ச்சை எப்போதாவது கட்டிக்கொள்வதில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து அந்தப் பூச்சு உதிர்ந்து தூளாகி மூச்சிலோ வாயிலோ போவதில் இருக்கிறது. ஆகவே ரேடியம் டயலை வீட்டில் நீங்களே திறக்காதீர்கள், முள்ளைச் சுரண்டாதீர்கள், காற்றோட்டம் இல்லாத அலமாரியில் பத்து இருபது என்று அடுக்காதீர்கள், ரேடியம் சிதைந்து ரேடான் வாயு வரும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ரிப்பேர்காரரிடம் சொல்லிவிடுவது மரியாதை. ஊதித் தூசி தட்டுவது அவர்கள் பழக்கம்.

டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் 'டி' எழுத்து இருந்தால் அது டிரிட்டியம், ரேடியத்துக்குப் பதிலாக வந்த இன்னொரு கதிர்வீச்சுப் பொருள். அரை ஆயுள் 12.3 வருடம்தான், ஐம்பது வருடம் ஆன வாட்ச்சில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். வெளிவரும் கதிருக்குக் கண்ணாடியைத் தாண்டும் பலமும் இல்லை. பாலேடு நிறத்துக்கு மாறிய அந்தப் புள்ளிகள் அழகு, அப்படியே விடுங்கள். 1990களுக்குப் பிறகு வந்த சூப்பர் லூமிநோவா என்ற ஒளிரும் பூச்சில் கதிர்வீச்சே கிடையாது.

கே: முதல் முறையாகப் பழைய வாட்ச் ஒன்று விலைக்கு வாங்கப்போகிறேன். ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்?

ப: முதலில் டயல். டயலில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். போட்டோவில் பளபளவென்று கண்ணைப் பறிக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கம்பெனி அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். மறு அச்சில் ஓரம் மை ஊறின மாதிரி, ஒரு எழுத்து தடிமன், ஒரு எழுத்து மெலிவு. மணிக்கு ஒன்றாகப் பதித்த உலோகக் குச்சியும் அதற்கு நேரே வரும் நிமிடக் கோடும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். அடியில் 'ஸ்விஸ் மேட்' என்பது காணாமல் போயிருக்கும், அல்லது அளவில் பெரிதாகிவிட்டிருக்கும். முள் துருப்பிடித்துக் கறுத்திருக்க டயல் மட்டும் நேற்று வாங்கியது போல இருந்தால், எழுபது வயது உடம்பில் இருபது வயது முகம். நம்பாதீர்கள்.

அடுத்து பின்மூடி. 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருந்தால் பலரும் எஃகு வாட்ச் என்று மகிழ்ந்துபோகிறார்கள். பின்மூடி மட்டும்தான் எஃகு என்பதே அதன் அர்த்தம். மற்ற பகுதி பித்தளைமேல் முலாம். வியர்வை பட்டுப் பட்டு வார் மாட்டும் காதுகளின் உட்பக்கம் குழி விழுந்திருக்கும், அங்கே பாருங்கள். '20 மைக்ரான்' என்று இருந்தால் தங்க முலாமின் தடிமன். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதுவே நல்ல தடிமன் என்று சொல்லலாம். காதுகளின் விளிம்பு கூராக இருக்கிறதா, சோப்புக்கட்டி தேய்ந்தது போல வழவழவென்று இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள், போன உலோகம் திரும்ப வராது.

மூன்றாவது, மெஷின் படம். திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள், உலகத்தில் வேறு வாட்ச் இருக்கிறது. திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் கண்ட கை பட்டிருக்கிறது. துரு இருந்தால் வேண்டவே வேண்டாம். பேலன்ஸ் வீலின் நடுவில் யாழ் வடிவத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங் தெரிந்தால் அது இன்காப்ளாக், 1934இல் வந்த அதிர்ச்சி தாங்கி. அது போன்ற ஒன்று இல்லாத வாட்ச் கீழே விழுந்தால் பேலன்ஸ் அச்சு முறிவது கிட்டத்தட்ட நிச்சயம். தினமும் கட்ட நினைத்தால் இது இருக்கிற வாட்ச்சாகப் பாருங்கள்.

விற்பவர் வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துக் காட்டினால் முன்னால் பின்னால் எத்தனை விநாடி என்பதை மட்டும் பார்க்காதீர்கள், அதைச் சின்ன நெம்புகோலை நகர்த்தி யாரும் சரிசெய்து காட்டலாம். ஆம்ப்ளிட்யூட் என்ற எண்ணைப் பாருங்கள், பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது என்பது அது. முழுச் சாவி கொடுத்து மல்லாத்தி வைத்தால் 270க்கு மேல் இருந்தால் ஆரோக்கியம், 220க்குக் கீழே என்றால் சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். "போன மாசம்தான் சர்வீஸ் பண்ணது" என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்லி விற்ற ஒரு வாட்ச்சுக்குள் செத்துப்போன பூச்சி இருந்தது.

பெயருக்கு மயங்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏ.எஸ்., எஃப்.ஹெச்.எஃப்., ஈ.டி.ஏ. போன்ற கம்பெனிகள் மெஷினைத் தயாரித்து எத்தனையோ பிராண்டுகளுக்கு விற்றன. டயலில் யாரும் கேள்விப்படாத பெயர் இருக்கும், உள்ளே அருமையான மெஷின் ஓடும், உதிரி பாகமும் கிடைக்கும். மெஷினின் எண் பெரும்பாலும் பேலன்ஸ் வீலுக்கு அடியில் தகட்டில் பொடியாகப் பொறித்திருக்கும். முதல் வாட்ச் என்றால் தேதி இல்லாத, ஆட்டோமேட்டிக் இல்லாத, கையால் சாவி கொடுக்கும் சாதாரண மூன்று முள் வாட்ச் வாங்குங்கள், பாகங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு தொல்லை குறைவு. ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த குரோனோகிராஃப்மேல் ஆசை இருக்கும், தெரியும். இப்போது வேண்டாம், அதன் சர்வீஸ் செலவு வாட்ச் விலையையே எட்டிப் பார்க்கும்.

கே: டயலில் '17 ஜுவல்ஸ்' என்று இருக்கிறதே, கல்லைப் பிரித்து விற்றால் காசு வருமா?

ப: வராது. எல்லாம் தொழிற்சாலையில் செய்த மாணிக்கம், மிளகை உடைத்துப் போட்ட அளவு இருக்கும். 1902இல் வெர்னூயி என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டபிறகு அது மலிந்துவிட்டது.

ஆனால் அந்த 17 வெறும் எண் இல்லை. பேலன்ஸ் வீல் அச்சுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டாக நான்கு, உந்துகல் ஒன்று, நங்கூரம் போன்ற பாலெட்டில் இரண்டு, ஆக 7. பாலெட்டின் அச்சு, எஸ்கேப் வீல், நான்காம் சக்கரம், மூன்றாம் சக்கரம், இவற்றின் இரண்டு முனைகளுக்கும் போட்டால் 15. நடுச்சக்கரத்துக்கும் இரண்டு போட்டால் 17. கையால் சாவி கொடுக்கும் வாட்ச்சில் வேகமாகத் தேயக்கூடிய இடமெல்லாம் அதோடு முடிந்துவிட்டது. ஆட்டோமேட்டிக்குக்கு 21, 25 என்பதில் நியாயம் இருக்கிறது. 1960களில் நூறு கல் என்றுகூட டயலில் போட்டு விற்றார்கள், கூடுதல் கற்களில் பெரும்பாலானவை சும்மா உட்கார்ந்திருந்தன, கூட்டம் சேர்ப்பதற்கு.

கே: 'வாட்டர்ப்ரூஃப்' என்று பொறித்திருக்கிறது. மழையில் நனையலாமா?

ப: கூடாது. அதைப் பொறித்தபோது உண்மையாக இருந்திருக்கலாம். உள்ளே இருந்த ரப்பர் வளையம் இப்போது கருகின தார் மாதிரி இருக்கும். 1926இல் ரோலெக்ஸ் தன் ஆய்ஸ்டர் கேஸைக் கொண்டுவந்து, அடுத்த வருடம் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற நீச்சல்காரர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் பல மணி நேரம் நீந்தினார், வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது என்று விளம்பரம் செய்தார்கள். அது புது வாட்ச். உங்களுடையதைப் பழைய வாட்ச் என்ற ஒரே காரணத்துக்காக, தண்ணீர் ஆகவே ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவும்போதும் கழற்றுங்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அரிசியில் புதைக்காதீர்கள், அன்றைக்கே திறக்கக் கொடுங்கள். ஒரு இரவு போதும் துரு பிடிக்க.

கே: நாள்காட்டி உள்ள வாட்ச்சில் இரவு தேதி மாற்றக் கூடாது என்பது மூடநம்பிக்கையா?

ப: இல்லை. இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 3 மணி வரை பல மெஷின்களில் தேதி மாற்றும் பல் தேதிச் சக்கரத்தோடு கோத்துக்கொண்டிருக்கும். அப்போது சாவியால் தேதியைத் தள்ளினால் பல் உடையும். பதினொன்றரை மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஒரு தடவை தள்ளினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அந்த வாட்ச் இன்றும் 14ஆம் தேதியிலேயே நிற்கிறது, பாகம் கிடைக்கவில்லை. முள்ளை ஆறு மணிப் பக்கம் இறக்கிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள், அப்புறம் நேரத்தை வையுங்கள்.

கே: எந்த வார் நல்லது? தோல் வார் வியர்வையில் நாறுகிறது.

ப: வெயில் காலத்தில் நைலான் வார். கேஸின் அடியில் ஒரே துண்டாக நுழைந்து போகும் வகை வாங்குங்கள், ஒரு பக்கத்தில் வாரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பார் என்ற குச்சி தெறித்தாலும் வாட்ச் மறுபக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பிரிட்டிஷ் ராணுவம் 1973இல் வரையறுத்ததிலிருந்து வந்தது இந்த வகை. வாங்குமுன் காதுகளுக்கு நடுவில் அளந்துகொள்ளுங்கள், பழைய வாட்ச்சில் 17, 19 என்று ஏடாகூடமான அளவுகள் வரும், 18ஐத் திணித்தால் ஓரம் மடங்கிக்கொள்ளும். தோல்தான் வேண்டும் என்றால் இரண்டு வார் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காயவிடுங்கள்.

கே: பதினொரு வாட்ச் சேர்ந்துவிட்டது. கை ஒன்றுதானே என்கிறார் மனைவி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

ப: இருக்கிறது, ஆனால் கை இரண்டு என்று நீங்கள் சொல்லியிருக்கலாம்.

நான் ஒரு காலத்தில் இருபத்துமூன்று வைத்திருந்தேன். அதில் பாதியைக் கடைசியாக எப்போது கட்டினேன் என்று எனக்கே தெரியாது. சர்வீஸ் ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை என்று வைத்தால்கூட வருடத்துக்கு நான்கு வாட்ச் ரிப்பேர்காரரிடம் போக வேண்டும், நான் அனுப்பியது ஒன்று. மற்றதெல்லாம் உள்ளே காய்ந்துகொண்டிருந்தன. இப்போது ஆறு. ஒவ்வொன்றும் மாதத்தில் சில நாளாவது கைக்கு வருகிறது, எது எப்படிப் பேசும் என்று காதுக்குத் தெரியும். ஒரு மாதம் முழுக்கக் கைக்கு வராத வாட்ச்சை, அதை ஆசைப்படுகிற ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். சும்மா இருக்கிற வாட்ச்சுக்கு மாதம் ஒரு முறை சாவி கொடுத்தால் எண்ணெய் கட்டாது என்று ஒரு கட்சி இருக்கிறது, அநாவசியமாகத் தேய்கிறது என்று எதிர்க்கட்சியும் இருக்கிறது. நான் முதல் கட்சி, சாவி கொடுக்கிற சாக்கில் அதைக் கையில் எடுப்பேன் என்பதற்காக மட்டும்.

கே: கண்ணாடி முழுக்கக் கீறல். மாற்றிவிடவா?

ப: முதலில் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். மந்தமான பிளாஸ்டிக் சத்தம் வந்தால் அக்ரிலிக், பழைய வாட்ச்சில் பெரும்பாலும் அதுதான். கேஸின் ஓரத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பட்டாணி அளவு வெள்ளைப் பற்பசையை மெல்லிய துணியில் எடுத்து வட்டமாகப் பத்து நிமிடம் தேயுங்கள், ஜெல் பற்பசை வேண்டாம். முதலில் இன்னும் மங்கலாகும், பயப்படாமல் தொடருங்கள். துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் மெல்லிய கோடெல்லாம் போயிருக்கும். நகம் மாட்டுகிற ஆழத்தில் கீறலோ, ஓரத்தில் விரிசலோ இருந்தால் மாற்றிவிடுங்கள், பழைய வாட்ச்சில் நான் தயங்காமல் மாற்றச் சொல்கிற பாகம் கண்ணாடி ஒன்றுதான். ஒமேகா என்றால் மட்டும் எறிவதற்கு முன் கண்ணாடியின் நட்டநடுவை லென்ஸில் பாருங்கள். கம்பெனிக் கண்ணாடிகள் பலவற்றில் தூசி அளவுக்கு ஒமேகா என்ற கிரேக்க எழுத்தைப் பொறித்திருப்பார்கள். இருந்தால் ஒரு தாளில் மடித்து, வாட்ச் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.